கலங்கரை விளக்கத்தைப் பார்த்தீங்க சரி, கட்டினவங்களைப் பார்த்தீங்களா?

"வாழ்நாளில் பார்த்தே தீர வேண்டிய தீவுக் கலங்கரை விளக்கங்கள்" என்று ஒரு வகைப் பட்டியல் உண்டு. இணையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று மாட்டும். நீல வானம், வெள்ளைக் கோபுரம், கீழே பாறையில் மோதும் அலை, ஓரமாகச் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். படத்துக்குக் கீழே "தனிமையின் காவலன்" அது இது என்று இரண்டு வரி. எடுத்தவருக்கும் சந்தோஷம், பார்த்தவருக்கும் சந்தோஷம். இதில் போய் உனக்கு என்னப்பா சண்டை என்று கேட்பீர்கள். இருக்கிறது மக்களே, நிறையவே இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கலங்கரை விளக்கங்கள் பிடிக்கும். சுற்றுலா போவது பாவம் என்று சொல்லும் ஆளும் நான் இல்லை. என் சண்டை ஒரே ஒரு விஷயத்தில்தான். தீவுச் சுற்றுலாவில் கலங்கரை விளக்கத்தை நல்ல பிள்ளை மாதிரி முன்னால் நிறுத்திவிட்டு, அந்தத் தீவில் நடந்த மற்ற எல்லாவற்றையும் அதன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். வெளிச்சம் காட்டக் கட்டிய ஒன்றைத் திரைச்சீலையாக மாற்றிவிடுகிறார்கள்.

இப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொன்னால் "சும்மா அளக்கிறான்" என்பீர்கள். அதனால் ஒரே ஒரு தீவை எடுத்துக்கொள்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ராட்னெஸ்ட் தீவு.

ஃப்ரீமேண்டில் துறைமுகத்தில் இருந்து சுமார் 18 கிலோமீட்டர். படகில் போய் இறங்கினால் வெள்ளை மணல், கண்ணாடி மாதிரி தண்ணீர், சைக்கிளில் சுற்றிப் பார்க்கும் அளவுக்குச் சின்னத் தீவு. அங்கே குவொக்கா என்று ஒரு குட்டி விலங்கு உண்டு. கங்காரு வகையறா, பூனை அளவு. எப்போதும் சிரிப்பது மாதிரியே முகம். 1696-ல் வந்த டச்சு மாலுமி வில்லம் டி விளாமிங் அதை எலி என்று நினைத்துத்தான் தீவுக்கு "எலிக்கூடு" என்று பொருள்படும் பெயரை வைத்தார். 2017 கடைசியில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் அந்தக் குவொக்காவோடு ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டாலும் போட்டார், உலகமே அதே மாதிரி படம் எடுக்கக் கிளம்பிவிட்டது.

தீவில் இரண்டு கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்று கடற்கரை ஓரத்தில் 1900-ல் கட்டிய பாதர்ஸ்ட் விளக்கம். படங்களில் அதிகம் வருவது அதுதான். இன்னொன்று தீவின் நடுவில் மேட்டின் மேல் நிற்கும் வாஜெமப் கலங்கரை விளக்கம். 38 மீட்டருக்கு மேல் உயரம், 1896-ல் எரியத் தொடங்கியது. உள்ளே படியேறி உச்சிக்குப் போகலாம். ஏறினால் முழுத் தீவும் தெரியும்.

முழுத் தீவும் தெரியுமா? அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

வாஜெமப் என்பதுதான் தீவின் பழைய பெயர். அந்த மண்ணின் மக்களான நூங்கார் மக்கள் வைத்த பெயர். தண்ணீருக்கு அப்பால் ஆவிகள் வாழும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் உயர்ந்து பெருநிலத்தில் இருந்து பிரிந்த தீவு அது. 1829-ல் ஆங்கிலேயர்கள் அந்தக் கரையில் குடியேற்றம் ஆரம்பித்தார்கள். ஒன்பதே ஆண்டுகளில், 1838 ஆகஸ்டில், முதல்குடி ஆண்கள் ஆறு பேரைக் கைதிகளாக இந்தத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு பேரும் கொஞ்ச நாளிலேயே ஒரு படகைக் கிளப்பிக்கொண்டு தப்பினார்கள். ஒருவர் வழியிலேயே கடலில் மூழ்கினார். இதுதான் முதல் அத்தியாயம்.

அடுத்த ஆண்டே தீவு முதல்குடி மக்களுக்கான சிறை என்று அறிவிக்கப்பட்டது. அது 1904 வரை சிறையாக இருந்தது. அதற்குப் பிறகும் 1931 வரை கைதிகளைக் கொண்டுவந்து சாலை போடவும் கட்டடம் கட்டவும் வேலை வாங்கினார்கள். மொத்தத்தில் சுமார் 3,700 ஆண்கள், சிறுவர்கள். ஆமாம், சிறுவர்களும். அதில் 370-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே செத்துப்போனார்கள். 1883-ல் பரவிய காய்ச்சலில் மட்டும் சுமார் 60 பேர். குற்றம் என்ன தெரியுமா? பல பேருக்கு ஆடு மாடு கொன்றது. தங்கள் வேட்டை நிலத்தில் வேலி போட்டு மாடு மேய்த்தவனின் மாட்டை ஈட்டியால் குத்தியது. கிம்பர்லி, பில்பரா என்று தூர தூரப் பகுதிகளில் இருந்தெல்லாம் கழுத்தில் சங்கிலி பூட்டிக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கைதிகள் சும்மா உட்காரவில்லை. உப்பு எடுத்தார்கள், வயல் வேலை செய்தார்கள், கல் உடைத்தார்கள், கடல் சுவர் கட்டினார்கள், வீடுகள் கட்டினார்கள். தங்களை அடைத்து வைக்கும் சிறையைத் தாங்களே கட்டினார்கள். கலங்கரை விளக்கத்தையும் அவர்கள்தான் கட்டினார்கள்.

இப்போது நிற்கும் கோபுரத்துக்கு முன்பு அதே மேட்டில் சுமார் 20 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல் கல் கலங்கரை விளக்கம் அது. 1842-ல் வேலை தொடங்கி, இழுத்துப் பறித்து 1849-ல் முடிந்து, 1851-ல் விளக்கு எரிந்தது. சுண்ணாம்புக் கல்லைத் தீவிலேயே வெட்டினார்கள். வெட்டியதும் சுமந்ததும் பெரும்பாலும் முதல்குடிக் கைதிகள். ஆண்டுகளைக் கவனியுங்கள். பிரிட்டனில் இருந்து அந்தக் காலனிக்குக் கைதிகளை அனுப்பத் தொடங்கியதே 1850-ல்தான். அதற்கு முன்பு காலனிக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யக் கிடைத்தவர்கள் யார்? நிலத்தைப் பறிகொடுத்தவர்கள்.

நம் மொழியில் இதற்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர். கரைதல் என்றால் கூப்பிடுதல். காக்கா கரைகிறது என்று சொல்கிறோமே, அந்தக் கரைதல். கலங்களைக் கூப்பிடும் விளக்கு. எவ்வளவு அழகான சொல்! ஆனால் வாஜெமப் மேட்டில் அந்த விளக்கு யாரைக் கூப்பிட்டது? காலனிக்கு வந்த கப்பல்களை. அந்தக் கப்பல்களில் வந்தது யார்? குடியேறிகள், ஆடுகள், மாடுகள், வேலிக்கான சாமான்கள், துப்பாக்கிகள். அதாவது, நிலத்தை இழந்து சங்கிலியில் வந்தவனையே பிடித்து, நிலத்தைப் பிடுங்க வருகிறவனுக்கு வழி காட்டும் விளக்குக்குக் கல் சுமக்க வைத்தார்கள். இதைவிடக் கொடுமையான ஒன்றை யாராவது யோசித்துச் செய்ய முடியுமா? அவர்கள் யோசிக்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் கொடுமை.

சரி, பழைய கதை. பிற்காலத்திலாவது என்ன நடந்தது என்று பாருங்கள்.

1860-களில் கட்டிய எண்கோணச் சிறை ஒன்று அங்கே உண்டு. குவாட் என்று பெயர். சிறை மூடியதும் அதை விடுதி ஆக்கினார்கள். சிறை அறைகளின் இடைச்சுவரை எடுத்து, இணைத்து, கட்டில் போட்டு வாடகைக்கு விட்டார்கள். மனிதர்கள் மூச்சுத் திணறிச் செத்த அறைகளில் குடும்பங்கள் விடுமுறைக்கு வந்து தூங்கின. அது எப்போது நின்றது? 2018-ல். எழுத்துப் பிழை இல்லை மக்களே. 2018!

கைதிகளைப் புதைத்த இடத்தில் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அதன் மேல் கூடாரம் அடித்துத் தங்கும் முகாம் போட்டார்கள். 1970-ல் அங்கே மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. அதற்குப் பிறகும் முகாம் பல ஆண்டுகள் நடந்தது. ஆஸ்திரேலியாவில் காவலில் இறந்த முதல்குடி மக்களைப் புதைத்த இடங்களில் மிகப் பெரியது இதுதான் என்று சொல்கிறார்கள். அதன் மேல் படுத்துக்கொண்டு நட்சத்திரங்களைப் பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் என் நண்பன் ஒருவனிடம் சொன்னேன். அவன் பெர்த்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தவன். ராட்னெஸ்ட் படங்களை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். அவனோடு நடந்த சண்டையில் வந்த வாதங்களை அப்படியே இங்கே வைக்கிறேன். நீங்களும் இதையேதான் கேட்பீர்கள் என்று தெரியும்.

முதல் வாதம்: "லீவுக்குப் போன இடத்துல எதுக்குடா இதெல்லாம்? மூட் போயிடும்."

போகட்டுமே! ஒரு மணி நேரம் மூட் போனால் என்ன குடி முழுகிவிடும்? அந்தத் தீவுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. குவொக்காவோடு சிரி, கடலில் குளி, ஐஸ்கிரீம் சாப்பிடு. ஆனால் கோபுரத்தின் மேல் ஏறி நின்று "ஆஹா, என்ன அமைதி" என்று சொல்லும்போது, அந்த அமைதி எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமைதியாக இருக்கும் எல்லா இடமும் எப்போதும் அமைதியாக இருந்த இடம் இல்லை. சில இடங்களில் பேசவேண்டியவர்கள் புதைக்கப்பட்டிருப்பதால் அமைதியாக இருக்கிறது.

இரண்டாவது வாதம்: "அப்படிப் பார்த்தா தாஜ்மகாலை யாரு கட்டினா, பெரிய கோயிலை யாரு கட்டினா? எல்லாமே வேலைக்காரன் ரத்தம்தானே. எதையுமே ரசிக்கக் கூடாதா?"

நல்ல கேள்விதான். இதற்கு என் பதில் இரண்டு. ஒன்று, தூரம். ராட்னெஸ்ட்டில் கைதிகளை வைத்து வேலை வாங்கியது 1931 வரை. அது நம் தாத்தா பாட்டி காலம். அந்தக் கைதிகளின் பேரப்பிள்ளைகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். தங்கள் தாத்தாவின் எலும்பு எங்கே என்று கேட்கிறார்கள். அவர்களிடம் போய் "வரலாறுன்னா அப்படித்தான்" என்று சொல்ல முடியுமா? இரண்டு, பதிவேடு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கட்டடத்தில் கல் சுமந்தவன் பெயர் பெரும்பாலும் கிடைக்காது. இங்கே அரசாங்கமே கணக்கு எழுதி வைத்திருக்கிறது. யார் வந்தார்கள், எத்தனை நாள் தண்டனை, எப்போது இறந்தார்கள். தெரியாமல் விடுவது ஒன்று. தெரிந்தும் சொல்லாமல் விடுவது வேறு.

மூன்றாவது வாதம்: "கலங்கரை விளக்கம் பாவம்டா. அது எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கு!"

இதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். 1899 ஜூலையில் சிட்டி ஆஃப் யார்க் என்ற கப்பல் ராட்னெஸ்ட் பாறைகளில் மோதி, கேப்டன் உட்படப் பதினோரு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பாதர்ஸ்ட் விளக்கம் வந்தது. கடலில் போகிறவனுக்கு விளக்கு என்றால் என்ன என்று கரையில் உட்கார்ந்திருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாருங்கள், கப்பலில் இறந்த பதினோரு பேருக்காக ஒரு கோபுரமே எழுந்தது. அதே தீவில் இறந்த 370 பேருக்கு ஒரு பெயர்ப்பலகை வர எத்தனை ஆண்டு ஆனது? விளக்கு மேல் எனக்குக் கோபமே இல்லை. எந்த உயிருக்கு விளக்கு, எந்த உயிருக்கு இருட்டு என்று பிரித்தார்களே, கோபம் அவர்கள் மேல்தான்.

நான்காவதாக ஒன்று சொன்னான். அது கொஞ்சம் நியாயமானது. "அங்கே மியூசியத்துல எல்லாம் எழுதி வெச்சிருக்காங்கடா. யாரும் மறைக்கலை."

உண்மைதான். இப்போது மறைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2020-ல் இதற்கென்று வாஜெமப் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. புதைத்த இடத்துக்கு மரியாதை செய்வது, குவாட் கட்டடத்தை என்ன செய்வது என்று முதல்குடி மக்களையே கேட்டு முடிவு செய்வது என்று வேலை நடக்கிறது. 2024 நவம்பரில் மாநிலம் முழுவதிலும் இருந்து முதல்குடி மக்கள் வந்து, அங்கே செத்தவர்களின் ஆவிகளை வீட்டுக்கு அனுப்பும் சடங்கை நடத்தினார்கள். பெரிய விஷயம். ஆனால் இது தானாக வரவில்லை. அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பத்தாண்டுக் கணக்கில் கத்திக் கத்தி வந்தது.

அப்புறம், மியூசியத்தில் இருக்கிறது என்பது போதாது. மியூசியத்துக்குப் போகிறவன் போவான், போகாதவன் போகமாட்டான். கோபுரத்துக்கு எல்லோரும் போகிறார்கள். கோபுரம்தான் பட்டியலில் வருகிறது, வாழ்த்து அட்டையில் வருகிறது, படத்தில் வருகிறது. அப்படியானால் கதையும் கோபுரத்தடியில்தான் இருக்க வேண்டும். முதல் வரியாக. "உயரம் இத்தனை, கட்டிய ஆண்டு இத்தனை" என்பதற்கு முன்னால், "முதலில் இங்கே நின்ற கோபுரத்தைக் கட்டியவர்கள் இவர்கள்" என்று. இந்தப் பட்டியல்களை எழுதும் பயணக் கட்டுரைக்காரர்களுக்கு அந்த ஒரு வரிக்கு இடம் இல்லையா? "தனிமையின் காவலன்" எழுத மட்டும் இடம் இருக்கிறதே!

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டால், நடக்கும். தென்னாப்பிரிக்காவில் ராபன் தீவு இருக்கிறது. கேப் டவுனுக்கு எதிரே. அதே மாதிரி படகுப் பயணம். அதே மாதிரி தீவின் மேட்டில் 1865-ல் எரியத் தொடங்கிய அழகான கலங்கரை விளக்கம். அதே மாதிரி சிறை. ஆனால் அங்கே யாரும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போவதில்லை. நெல்சன் மண்டேலா 1964 முதல் 1982 வரை இருந்த சிறையைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே கைதியாக இருந்தவர்களே வழிகாட்டிகளாகச் சிறைக்குள் கூட்டிப்போனார்கள். 1999-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடம் ஆக்கியது. மூட் போய்விடும் என்று யாரும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒரே மாதிரி இரண்டு தீவு. ஒன்றில் சிறை முன்னால், விளக்கு பின்னால். இன்னொன்றில் விளக்கு முன்னால், சிறை பின்னால். ஏன் இந்த வித்தியாசம்? என் பதில் எளிது. ராபன் தீவில் அடைபட்டவர்கள் பிறகு ஆட்சிக்கு வந்தார்கள். வாஜெமப்பில் அடைபட்டவர்களின் பிள்ளைகள் வரவில்லை. அவ்வளவுதான். எந்தக் கல்லைச் சுற்றுலாத்தலம் ஆக்குவது என்று அதிகாரம்தான் முடிவு செய்கிறது. அழகு அதற்குப் பிறகு வரும் சாக்கு.

"வெள்ளைக்காரன் அப்படித்தான்" என்று நாம் சந்தோஷமாக எழுந்து போய்விட முடியாது. நம் வீட்டிலும் தீவு இருக்கிறது. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? பின்பக்கம் தென்னை மரமும் கடலுமாக ஒரு படம் இருக்கும். அது அந்தமானில், மவுண்ட் ஹாரியட்டும் போர்ட் பிளேர் கலங்கரை விளக்கமும் தெரியும் காட்சி. அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் செல்லுலார் சிறைக்குப் போகிறார்கள், விடுதலைப் போராட்டக்காரர்களை நினைத்துக் கண் கலங்குகிறார்கள். அது நல்லது, செய்ய வேண்டியதும்கூட. ஆனால் அந்தத் தீவின் சொந்தக்காரர்கள்? 1858-ல் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பு போட்டபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர், நோயிலும் மோதலிலும் அழிந்து சில பத்துப் பேர் என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். நோட்டில் விளக்கு இருந்தது. அவர்கள் இல்லை. நாமும் நமக்கு வேண்டிய கதையைத்தான் முன்னால் வைத்திருக்கிறோம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் நாட்டிலும் கலங்கரை விளக்கச் சுற்றுலா சூடு பிடிக்கிறது. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில், நாடு முழுக்க 75 கலங்கரை விளக்கங்களில் செய்த சுற்றுலா வசதிகளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். நல்ல விஷயம், போவோம், படியேறுவோம். ஆனால் அங்கே வைக்கும் பலகையில் உயரமும் விளக்கின் வீச்சும் மட்டும் இருந்தால், அது பாதிப் பலகை. யார் கட்டினார்கள், யாருடைய கப்பலுக்காகக் கட்டினார்கள், அந்தக் கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியை எழுதும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை எந்தத் தீவிலாவது எந்தக் கோபுரத்திலாவது படியேறும்போது, உச்சிக்குப் போய்ப் படம் எடுப்பதற்கு முன்னால் கூட வரும் வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கல்லை யாருங்க சுமந்தாங்க?" தெரியாது என்று சொன்னால் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருவதற்குள் தெரிந்து வைத்திருப்பார்.